ஒன்றுக்கு இரண்டு

ஹவானாவின் பிராதோவில்
நடப்பவர்களுக்குத்தான் நடுவழி.
வண்டிகள் இரண்டு ஓரமும் ஒதுங்கிப் போகின்றன.
லாரல் மரங்கள் மேலே கைகோத்திருக்க
கதவில்லாத நெடுங்கூடம்போல்
கடலைப் பார்த்து இறங்குகிறது பாதை.

சிங்கங்கள் எட்டு, கையேட்டில் இருந்தது,
பீரங்கிகளை உருக்கி வார்த்தவையாம்.
முதல் சிங்கத்தின் பாதத்தை
வந்தவரெல்லாம் தடவியிருக்க வேண்டும்,
அங்கே மட்டும் வெண்கலம் மின்னியது.
நானும் தடவினேன். சுட்டது.
கையை உதறிக்கொள்வதைப் பார்த்து
சக்கரக்காலணிப் பையன் ஒருவன்
சிரித்தபடி வளைந்து போனான்.

சனிக்கிழமை.
ஓவியம் விற்பவர்களைத் தாண்டியதும்
கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம்.
மறியலோ என்று நினைத்தேன். கோஷம் இல்லை.
அட்டைகளில் இருந்தவை வீடுகள்:
இரண்டு அறை, மூன்றாம் மாடி,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
பால்கனியில் நன்றாக எக்கினால் கடல்.

வீட்டை விற்க நெடுங்காலம் சட்டம் விடவில்லை,
மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.
இப்போது விற்கலாம்.
"வாங்கத்தான் யாரிடமும் காசில்லை" என்றார்
தரகர் எவேலியோ.
கல்யாணத் தரகரின் ஜாதகக் கட்டுபோல
அக்குளில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
எந்த வீட்டுக்கு எந்த வீடு பொருந்தும் என்று
எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"உங்களிடம் என்ன இருக்கிறது?"

என்னிடம் இருந்தது ஒரு விடுதிச் சாவி.
என் ஓட்டை ஸ்பானிஷில் சொன்னேன்:
"ஒரு அறை. ஜன்னல் இல்லை. மூன்று இரவு."
அவர் சிரிக்கவில்லை.
"கஷ்டம்தான்" என்றார்.

அடுத்த பளிங்குப் பெஞ்சில் ஒதாலிஸ்.
மடியில் அட்டை: 1 × 2.
ஒன்றைக் கொடுத்து இரண்டு கேட்கிறாள்.
பேராசை என்று நினைத்தது என் தவறு.
விவாகரத்தாகி ஆறு வருஷம்.
கூடத்தின் குறுக்கே பலகைத் தடுப்பு.
இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன்,
அடுப்பு பொது.
இவள் தும்மினால்
பலகைக்கு அப்பாலிருந்து "சலூத்".

"அவர் எங்கே?"
பெஞ்சின் மறுமுனையில்
காகிதக் கூம்பில் கடலை தின்றுகொண்டிருந்தவரை
மோவாயால் காட்டினாள். ரெய்னெரியோ.
சனிக்கிழமைதோறும் ஒரே பேருந்தில் வருகிறார்கள்,
பிரிவதற்கு.
கூரை ஒழுகுவதை இவள் மறைத்தால்
அவர் சொல்லிவிடுகிறார்.
போன மாதம் கைகூடி வந்த ஒன்று
அப்படித்தான் போயிற்று.
"பொய் சொல்ல வராது இந்த ஆளுக்கு."
அதை அவள் புகாராகத்தான் சொன்னாள்.

மழை சொல்லாமல் வந்தது.
பிராதோ முழுவதும் கலைந்து
எதிர்த் தூண்வரிசைக்கு ஓடியது.
அவர்களும் ஓடினார்கள்,
அட்டையைத் தலைக்குமேல் விரித்துப்
பிடித்தபடி, ஆளுக்கொரு முனை.
நான் இதில் எதையும் ஏற்றிச் சொல்லக்கூடாது.
இருந்தது ஒரு அட்டை.
மை கரைந்து
அவர் சட்டையில் நீலமாக வழிந்தது.
அவள் திட்டிக்கொண்டே துடைத்தாள்.

விட்டதும் கடல்வரை நடந்தேன்.
சிங்கங்கள் ஏழுதான் கணக்கில் வந்தன.
ஏதோ ஒரு வீட்டைக் கேட்டுக்கொண்டு நின்றபோது
ஒன்று என் முதுகுப் பக்கமாகப்
போயிருக்கிறது.

திரும்பும்போது விளக்கு போட்டுவிட்டார்கள்.
எவேலியோ இன்னும் அங்கேதான்.
என் பெயரைக் கேட்டார்.
"எதற்கு?"
"எழுதி வைத்திருக்கிறேன். யார் கண்டது."

நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்:
ஒரு அறை, ஜன்னல் இல்லை, மூன்று இரவு.

"இரண்டு" என்றேன்.
அடித்துவிட்டுத் திருத்தினார்.